திரி எப்படி, சுடர் அப்படி!

பதுளைக்குப் போகும் கோச்சியில் நீங்கள் தெமோதரையைக் கடந்திருக்கிறீர்களா? கொழும்பிலிருந்து வரும் கோச்சி தெமோதரை நிலையத்தில் நின்றுவிட்டுப் புறப்படும். மலையைச் சுற்றிக்கொண்டு மெல்ல மெல்லக் கீழே இறங்கும். பிறகு ஒரு சுரங்கத்தினுள் நுழையும். அந்தச் சுரங்கத்துக்கு நேர் மேலே இருப்பது, சற்று முன் நாம் நின்ற அதே நிலையம்! செங்குத்தான இறக்கத்தில் கோச்சி இறங்க முடியாது என்பதால், பாதையையே ஒரு வளையமாகச் சுற்றிவிட்டார்கள். 1924 ஆம் ஆண்டு பதுளை வரை கோச்சி ஓடத் தொடங்கியது. ஒரு தோட்டத்துக் கங்காணி தன் தலைப்பாகையை அவிழ்த்துச் சுற்றிக் கட்டியதைப் பார்த்துத்தான் பொறியியலாளர் விமலசுரேந்திரவுக்கு இந்த யோசனை பிறந்தது என்று ஊவா மக்கள் இன்றும் சொல்வார்கள்.

மெழுகுதிரியைப் பற்றி எழுத வந்தவள் கோச்சிக் கதை சொல்கிறாளே என்று நினைக்காதீர்கள். திரியும் ஒரு பாதைதான். கோச்சி தண்டவாளத்தில் போவதுபோல் தீ திரியின் வழியே போகிறது. கடையில் வாங்கும் சாதாரண மெழுகுதிரியில் அந்தப் பாதை நேர்கோடு. அதையே இரண்டாக, மூன்றாக, பிறையாக, வளையமாக அமைத்தால் பார்ப்பவர் வியக்கும் புதுமை மெழுகுதிரி கிடைக்கும். வீட்டிலிருந்தபடியே நாலு காசு சம்பாதிக்க விரும்பும் சகோதரிகளுக்கு இது நல்ல கைத்தொழில். ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திரியை வளைப்பவர் தீ போகும் வழியை வகுக்கிறார். அந்த வழி எங்கே போய் முடிகிறது என்பதற்கும் அவரே பொறுப்பு.

திரி செய்யும் வேலை

எரிவது திரி, மெழுகு அதைத் தாங்கி நிற்கிறது என்றுதான் நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். உண்மையில் எரிவது மெழுகின் ஆவி. சுடரின் சூட்டில் மெழுகு உருகிச் சிறு குளமாகிறது. துணியின் நுனியைத் தண்ணீரில் வைத்தால் ஈரம் மேலே ஏறுமல்லவா? அப்படியே உருகிய மெழுகும் திரியின் இழைகளில் ஏறி, சூட்டில் ஆவியாகி எரிகிறது. லண்டனில் விஞ்ஞானி மைக்கேல் பாரடே, 1860 ஆம் ஆண்டின் இறுதியில் சிறுவர்களுக்காக ஆற்றிய விரிவுரைகளில், ஒரே ஒரு மெழுகுதிரியை வைத்து இரசாயனப் பாடம் முழுவதையும் விளக்கிவிட்டார்!

ஆகவே திரி மெல்லியதாக இருந்தால் உருகும் மெழுகை அதனால் இழுத்து முடிக்க முடியாது. சுடர் குளத்தில் மூழ்கி அணைந்துவிடும். திரி மிகத் தடித்தால் தேவைக்கு மேல் இழுக்கும். சுடர் உயரும், புகை கக்கும், நுனியில் கரிமொட்டுக் கட்டும்.

முற்காலத்தில் முறுக்கிய நூலைத்தான் திரியாக இட்டார்கள். அதன் கருகிய நுனியை அடிக்கடி கத்தரிக்கோலால் வெட்டிவிட வேண்டியிருந்தது. 1825 ஆம் ஆண்டில் கம்பசெரெஸ் என்ற பிரெஞ்சுக்காரர் தலைமுடி பின்னுவதுபோல் பின்னிய திரியைக் கண்டுபிடித்தார். பின்னிய திரி எரியும்போது நுனி வளைந்து சுடரின் ஓரத்துக்கு வருகிறது. அங்கே தானே எரிந்து சாம்பலாகிவிடுகிறது. இன்றைய மெழுகுதிரிகளில் நாம் காணும் வளைந்த நுனியின் இரகசியம் இதுதான்! பிரெஞ்சு மொழியில் மெழுகுதிரியின் பெயர் 'பூஜி'. அல்ஜீரியாவின் பிஜாயா துறைமுகத்திலிருந்து அந்நாளில் ஐரோப்பாவுக்குத் தேன்மெழுகு போனதால், அந்த ஊர்ப் பெயரே மெழுகுதிரிக்கும் வந்தது.

திரியைத் தயாரித்தல்

சுத்தமான பருத்தி நூல் வேண்டும். நைலோன் கலந்ததா என்று அறிய ஒரு துண்டை எரித்துப் பாருங்கள். பருத்தி சாம்பலாகும், நைலோன் உருகி உருண்டையாகும். ஒரு கோப்பைச் சுடுநீரில் 1 மேசைக்கரண்டி உப்பும் 2 மேசைக்கரண்டி வெண்காரமும் கரைத்து, நூலை ஓர் இரவு ஊறவையுங்கள். வெண்காரம் வாயில் போகக் கூடாதது. பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள். ஊறிய நூலை நன்றாக உலர்த்திய பின் மூன்று புரியாகப் பின்னி, உருகிய மெழுகில் தோய்த்து, நேராக இழுத்துக் காயவிடுங்கள். உப்பும் வெண்காரமும் திரி மளமளவென்று எரிந்துவிடாமல் நிதானப்படுத்தும்.

மெழுகு உருக்க ஒரு பழைய பால்மாப் பேணி போதும். ஆனால் பேணியை ஒருபோதும் நேரே அடுப்பில் வைக்காதீர்கள். சட்டியில் தண்ணீர் கொதிக்கவிட்டு, அதனுள் பேணியை இறக்குங்கள். தண்ணீர் 100 பாகைக்கு மேல் சூடேறாது. நம் மலைநாட்டில் அதற்கும் சற்றுக் குறைவாகவே கொதிக்கும். பரபின் மெழுகு உருக ஏறத்தாழ 50 முதல் 65 பாகை வரை போதும். நேரடி அடுப்பில் சூடு கட்டுமீறி ஏறினால் மெழுகு தீப்பற்றும். அப்படிப் பற்றினால் தண்ணீர் ஊற்றவே கூடாது. அடுப்பை அணைத்து, மூடியால் மூடிவிடுங்கள்.

மூன்று புதுமைகள்

முதலாவது, முத்திரி. 4 அங்குல அகலமான மெழுகுதிரியில் ஒற்றைத் திரி நடுவில் மட்டும் குழி பறித்துக்கொண்டு இறங்கும். ஓரத்து மெழுகு வீணாகும். மூன்று திரிகளை முக்கோணமாக நிறுத்தினால் மூன்று குளங்களும் ஒன்று சேர்ந்து மேற்பரப்பு முழுவதும் சமமாக உருகும். திரிகளுக்கிடையில் ஒன்றரை அங்குலம் இருக்கட்டும். பேணியின் வாயில் ஈர்க்குக் குச்சிகளைக் குறுக்கே வைத்து, திரிகளை அவற்றில் கட்டி நிறுத்தலாம். நான் முதன்முதலில் செய்தபோது, அழகுக்காகத் திரிகளை நெருக்கி வைத்துவிட்டேன். மூன்று சுடரும் ஒன்றாகி ஒரு சாண் உயரம் எழுந்தது! பக்கச் சுவர் உடைந்து மெழுகு மேசையெல்லாம் ஓடியது. மேசை விரிப்போடு போயிற்று, அல்ஹம்துலில்லாஹ்.

இரண்டாவது, பிறைத் திரி. மெல்லிய பருத்தித் துணியை அரை அங்குல அகல நாடாவாக வெட்டி, மேற்சொன்ன கரைசலில் ஊறவைத்து உலர்த்தி, மெழுகில் தோய்த்தெடுங்கள். சூடு ஆறுமுன் அதைப் பிறைபோல் வளைத்துவிடுங்கள். தட்டையான நாடா மெழுகில் சாய்ந்துவிடும். வளைந்த நாடா நிமிர்ந்து நிற்கும். பற்றவைத்தால் சுடர் ஒரு புள்ளியாக நிற்காமல் பிறையின் வளைவு நெடுகிலும் ஓடும். துணி ஒற்றை மடிப்பாகவே இருக்கட்டும். இரட்டித்தால் புகையும்.

மூன்றாவது, தெமோதரை வளையம்! மூன்றடி நீளத் திரியை உயரமான பேணி மெழுகில் பகுதி பகுதியாகப் பலமுறை தோய்த்தெடுத்து, பென்சில் பருமனாக்குங்கள். இளஞ்சூட்டில் அது வளையும். சவர்க்காரம் தடவிய கண்ணாடிப் போத்தலில் அதைச் சுருளாகச் சுற்றி, ஆறியதும் மெல்லக் கழற்றுங்கள். சுற்றுக்கும் சுற்றுக்கும் இடையே இரண்டு அங்குலமாவது இடைவெளி வேண்டும். சுருள் சரிவாக இறங்க வேண்டும். கிடையாக இருந்தால் உருகிய மெழுகெல்லாம் சொட்டி வீணாகும். அடிப்பகுதியை அகன்ற தகரத் தட்டில் மெழுகால் ஒட்டிவிடுங்கள்.

இதை மேல் நுனியில்தான் பற்றவைக்க வேண்டும். தெமோதரையில் கோச்சி மேலிருந்து சுற்றிக் கீழே இறங்குவதுபோலத் தீயும் இறங்க வேண்டும். அப்போது சுடருக்கு மேலே எதுவும் மிச்சமிராது. கீழ் நுனியில் பற்றவைத்தாலோ, சூடு மேலே எழுந்து மேற்சுற்றுகளை உருக்கும். அவையும் பற்றிக்கொள்ளும். ஒரு நிமிடத்தில் ஒரு சுடர் நாலு சுடராகிவிடும். கடைசிச் சுற்று எரியுமுன் அணைத்துவிடுங்கள். இது கண்ணுக்கு விருந்தான பொருள். இருட்டு வீட்டுக்கு விளக்காக வைக்கத் தக்கதல்ல. முன்னால் ஆள் இருந்தால் மட்டுமே எரியலாம்.

விற்குமுன் எரித்துப் பாருங்கள்

ஒவ்வொரு புது அமைப்பிலும் குறைந்தது மூன்று செய்து, முதலில் உங்கள் வீட்டிலேயே கடைசி வரை எரித்துப் பாருங்கள். சுடர் மூழ்குகிறதா, புகைக்கிறதா, பக்கம் உடைகிறதா, சாய்கிறதா என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். ஒவ்வொரு முறையும் பற்றவைக்குமுன் திரியைக் கால் அங்குலமாக வெட்டிவிடுங்கள். உங்கள் கண்முன் எரிந்து தேறாத எதையும் அடுத்த வீட்டுக்கு அனுப்பாதீர்கள்.

திரி விறைப்பாக நிற்க உலோகக் கம்பி வைத்த திரிகளும் கடைகளில் வரும். ஈயக் கம்பி வைத்த திரி எரிந்தால் ஈயம் காற்றில் கலக்கும். பிள்ளைகளின் மூளை வளர்ச்சிக்கு அது நஞ்சு. அமெரிக்கா 2003 ஆம் ஆண்டில் அத்தகைய திரிகளைத் தடை செய்தது. சந்தேகமிருந்தால் கம்பியைக் காகிதத்தில் தேய்த்துப் பாருங்கள். பென்சில்போல் சாம்பல் கோடு விழுந்தால் தொடவே வேண்டாம்.

நம் பகுதிக்கு இதில் கூடுதல் கவனம் தேவை. 2022 ஆம் ஆண்டு மார்ச்சில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு வந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். கரண்ட் போனால் தோட்டத்து லயத்திலும் கடைத்தெரு வீட்டிலும் முதலில் தேடுவது மெழுகுதிரியை, அல்லது குப்பி லாம்பைத்தான். லயத்தில் ஒரு காம்பராவில் பற்றும் தீ வரிசை முழுவதையும் தின்றுவிடக் கூடியது.

குப்பி லாம்பின் கதையிலும் நமக்குப் பாடம் இருக்கிறது. வெறும் போத்தலில் மண்ணெண்ணெய் ஊற்றித் துணித்திரி போட்ட லாம்பு தட்டுப்பட்டுச் சரிந்தால் எண்ணெய் கொட்டித் தீப்பிடிக்கும். அப்படி எரிந்து வந்தவர்களுக்குச் சிகிச்சையளித்த நம் நாட்டுச் சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, லாம்பையே மாற்றி அமைத்தார். குட்டையான, கனமான கண்ணாடி. உருண்டோடாதபடி தட்டையான பக்கங்கள். எண்ணெய் கொட்டாதபடி திருகு மூடி. 'சுதீப' என்ற அந்த எளிய லாம்புக்காக 1998 ஆம் ஆண்டில் அவருக்கு ரோலக்ஸ் விருது கிடைத்தது. லட்சக்கணக்கான லாம்புகள் ஏழை வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தன. நீங்கள் செய்யும் மெழுகுதிரிக்கும் அதே இலக்கணம்தான்: அடி அகலமாக, உயரம் குறைவாக, தட்டினாலும் சாயாததாக இருக்கட்டும்.

உறங்கப் போகும்போது வீட்டில் நெருப்பை எரியவிட வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்த செய்தி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு கிரந்தங்களிலும் உண்டு. எலி திரியை இழுத்துச் சென்று வீட்டாரோடு வீட்டையும் எரித்துவிடக் கூடும் என்று காரணத்தையும் சொல்லித் தந்தார்கள். திரி எவ்வளவு சிறிய பொருள்! அதற்கும் ஒரு எச்சரிக்கை நமக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

எனவே விற்கும் ஒவ்வொரு மெழுகுதிரியோடும் தமிழிலும் சிங்களத்திலும் ஒரு சிறு துண்டு வையுங்கள்: "மேல் நுனியில் பற்றவைக்கவும். தட்டின்மேல் வைக்கவும். திரைச்சீலைக்கும் பிள்ளைகளுக்கும் எட்டாமல் வைக்கவும். உறங்குமுன் அணைக்கவும்." ஒன்பது வளைவுப் பாலமும் தெமோதரை வளையமும் பார்க்க வருகிற வெளியூரார், ஊரின் நினைவாக ஒரு வளையத் திரியை வாங்கிப் போனால், அவர்கள் வீட்டுக்குப் போவது உங்கள் கைவேலை மட்டுமல்ல, உங்கள் பெயரும்தான்.

அன்று மலையில் பாதை வகுத்தவர்கள், கோச்சி பத்திரமாகக் கீழே இறங்க வேண்டுமென்றே அவ்வளவு தூரம் சுற்றினார்கள். நீங்கள் வகுக்கும் சிறு பாதையிலும் தீ பத்திரமாக இறங்கி, பத்திரமாக அணையட்டும். இன்ஷா அல்லாஹ், அந்தச் சுடர் இரண்டு வீடுகளுக்கு வெளிச்சமாகும்: வாங்கியவர் வீட்டுக்கும், உங்கள் வீட்டுக்கும்.