மூட்டை சுமந்த பெண்கள் மறித்த கப்பல்

முதுகிலே மூட்டை, மூட்டையிலே அரிசி, வீட்டிலே வெறும் பானை!

1918-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், ஜப்பான் நாட்டின் உவோசு என்னும் கடலோரச் சிற்றூரில் உழைத்து வாழ்ந்த பெண்களின் நிலை இதுதான். கிடங்கிலிருந்து கரைவரை அரிசி சுமப்பது அவர்களிலே பலருக்குப் பிழைப்பு. மூட்டை ஒன்று 60 கிலோ. சுமக்கத் தோள் இருந்தது. அதிலே ஒரு படி வாங்கக் காசு இல்லை!

உவோசு எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள், தோழர்களே! தோக்கியோவின் பெயரைக் கேட்டிருக்கிறோம், ஒசாகாவின் ஆலைகளைப் பற்றிப் படித்திருக்கிறோம். இந்த ஊரோ, அந்தப் பெருநகரங்களுக்கு மலைத்தொடரின் மறுபக்கம், ஜப்பான் கடலைப் பார்த்தபடி, தொயாமா மாவட்டத்தில் கிடக்கிறது. இன்றைக்கும் அங்கே ஏறத்தாழ 40,000 பேர்தான். நகரம் என்ற தகுதியே 1952-இல்தான் கிடைத்தது.

ஆனால் இயற்கை அந்த ஊருக்கு வாரி வழங்கியிருக்கிறது. ஊரின் பின்புறம் 2,400 மீட்டருக்கு மேல் எழுந்து நிற்கும் பனிமலை. முன்புறம் 1,000 மீட்டருக்கும் கீழே இறங்கும் ஆழ்கடல். இரண்டுக்கும் இடையே ஒட்டிக்கொண்டிருப்பதுதான் ஊர்! மலையில் உருகும் பனி, குறுகிய ஆறுகளாகப் பாய்ந்து வயலை நனைத்துவிட்டு உடனே கடலில் விழுகிறது. இளவேனிலில் கடல்மேல் குளிர்காற்றுப் படிந்து, அதன்மேல் வெப்பக்காற்று வந்து நின்றால், ஒளி வளைகிறது. எதிர்க்கரைக் கட்டடங்கள் நீண்டும் தலைகீழாகவும் தெரிகின்றன. முன்னோர் அதை மாயம் என்றனர். அறிவியல் அதன் முடிச்சை அவிழ்த்துவிட்டது. அதே பருவத்தில், விரல் நீளமே உள்ள கணவாய்கள், உடலிலே நீல ஒளி சிந்தியபடி ஆழத்திலிருந்து கரைநோக்கி வருகின்றன. 1930-இல் துறைமுகம் தோண்டியபோது, ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன் புதையுண்ட காட்டின் வேர்க்கட்டைகள் வெளிப்பட்டன. இன்று அவை காட்சிச்சாலையில் இருக்கின்றன.

மலையும் மாயக்காட்சியும் கிடக்கட்டும். வயலிலே நெல் விளைந்தும் வயிறு ஏன் காய்ந்தது?

அது முதல் உலகப்போரின் காலம். போரால் ஜப்பானிய முதலாளிகளுக்குக் கொழுத்த லாபம். ஏழைக்குக் கிடைத்ததோ விலையேற்றம்! ஆலைகள் பெருகின, நகரங்கள் வீங்கின, அரிசி தேவைப்பட்டோர் தொகை கூடிற்று. போதாக்குறைக்குச் சைபீரியாவுக்குப் படை அனுப்பப் போகிறது அரசு என்ற பேச்சு. படைக்கு அரிசி வேண்டுமே! வணிகன் கணக்குப் போட்டான், கிடங்கைப் பூட்டினான். ஆண்டின் தொடக்கத்தில் இருந்த விலை ஜூலைக்குள் ஏறத்தாழ இரட்டிப்பாயிற்று. தொயாமாவில் விளைந்த அரிசி, கூடுதல் விலை கிடைக்கும் ஹொக்கைடோவுக்குக் கப்பலேறியது. உவோசுவின் மீனவ ஆண்களிலே பலர் மீன்பிடிக் கூலிகளாக ஹொக்கைடோவுக்கும் சகாலின் தீவுக்கும் போயிருந்தனர். போனவர்களுக்குச் சரியான வருவாய் இல்லை. வீட்டுக்குப் பணம் வரவில்லை. அடுப்பை எரிக்கவேண்டியவள் பெண்!

ஜூலை 23-ஆம் நாள். இபுகி மாரு என்ற நீராவிக் கப்பல் அரிசி ஏற்ற வந்து நின்றது. பெண்கள் பத்துப் பத்தாய்க் கரையிலே திரண்டனர். கையிலே வாளில்லை, தடியில்லை. ஊர் அரிசியை வெளியூருக்கு ஏற்றாதே என்பது ஒன்றே கோரிக்கை. காவலர் வந்தனர், கலைத்தனர். ஆனால், அரிசி ஏற்றாமலே கப்பல் புறப்பட்டது!

ஆகஸ்டு முதல் வாரம் பக்கத்து ஊர்களான மிசுஹாஷியிலும் நமேரிகவாவிலும் பெண்கள் கிளம்பினர். வீட்டுப் பெண்கள் வீதிக்கு வந்துவிட்டார்களே என்று ஏடுகள் வியந்து எழுதின. கேட்க வேண்டுமா! கியோட்டோ, ஒசாகா, கோபே என்று தீ பரவிற்று. ஆகஸ்டு 12-இல் கோபேயிலே சுசுக்கி வணிக நிறுவனத்தின் தலைமையகத்தையே கூட்டம் கொளுத்தியது. அரிசியைப் பதுக்குகிறார்கள் என்ற ஐயம்தான் காரணம். உண்மையில் பதுக்கவில்லை என்று பின்னாளில் வாதிட்டவர்களும் உண்டு. பசித்த கூட்டம் கணக்கேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டா புறப்படும்? நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரும் எழுந்தனர். அவர்கள்மீது துப்பாக்கி பேசியது.

அரசு என்ன செய்தது? நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களுக்குப் படை அனுப்பிற்று. ஏறத்தாழ 25,000 பேரைக் கைது செய்தது. கைதானவர்களில், தீண்டத்தகாதார் என ஒதுக்கிவைக்கப்பட்டிருந்த புராக்கு மக்கள், தங்கள் தொகைக்கு மிஞ்சிய அளவில் இருந்தனர். பழி சுமத்த எங்கும் ஒரு முதுகு தயாராக வைத்திருக்கிறார்களே! அந்த மக்கள் 1922-இல் கியோட்டோவில் கூடி, சுயிஹெய்ஷா என்ற சமத்துவச் சங்கம் கண்டனர். ஏடுகளையும் அரசு விட்டுவைக்கவில்லை. ஆகஸ்டு 14-இல், கிளர்ச்சி பற்றிய செய்தியே வரக்கூடாதென்று தடை போட்டது. செய்தியை மூடினால் பசி அடங்குமா? செப்டம்பரில் படைத்தலைவர் தெராவுச்சியின் அமைச்சரவைதான் பதவி விலகிற்று. பிரபுப் பட்டம் இல்லாத ஹாரா தக்காஷி பிரதமரானார்.

உவோசு தன் பிழைப்பைப் பார்க்கத் திரும்பியது. 1956 செப்டம்பரில் சூறைக்காற்றோடு வந்த பெருந்தீயில் 1,500க்கும் மேற்பட்ட வீடுகள் எரிந்தன. மறுபடியும் கட்டிக்கொண்டார்கள். ஒவ்வோர் ஆகஸ்டிலும் மீனவர், உயர்ந்த கம்பத்திலே விளக்குகளை முக்கோணமாய் அடுக்கிக் கட்டி, ஆளுயரத்தைப் பலமடங்கு மிஞ்சும் அந்தக் கோபுரத்தை இழுத்துச் சுழற்றுகின்றனர். கடலும் மீனும் தங்களைக் கைவிடக்கூடாது என்ற வேண்டுதலாம் அது. அன்று அரிசியை அடைத்துவைத்திருந்த வங்கிக் கிடங்கு கடலோரத்தில் இன்றும் நிற்கிறது. அரிசிக் கிளர்ச்சி பிறந்த இடம் என்று கல்லும் நட்டிருக்கிறார்கள்.

ஓர் ஆட்சியைக் கவிழ்த்த கிளர்ச்சியைத் தொடங்கிவைத்தவர்கள் அந்தப் பெண்கள். அதற்குப் பிறகு 1925-இல் வாக்குரிமையை விரிவாக்கினார்கள், ஆண்களுக்கு மட்டும்! கப்பலை மறித்தவர்களில் அதுவரை உயிரோடிருந்தோர், 1946 ஏப்ரலில்தான் முதன்முதலாக வாக்குச்சீட்டைக் கையிலே வாங்கினர்.