பழைய எழுத்துக்கு ஓய்வு கொடுக்கலாமா?

போன செமஸ்டர் லீவில் குரோம்பேட்டையில் தெரிந்த ஒரு டி.டி.பி. கடையில் உட்கார்ந்திருந்தேன். கடைக்கார அண்ணன் ஒரு பழைய சி.டி.யை நீட்டினார். "தம்பி, 2001-ல ஒரு சார் இமெயில்ல அனுப்பின கட்டுரைங்க. அவர் இப்ப இல்ல. பையன் வந்து கேக்கறாரு. தொறந்தா கன்னாபின்னான்னு வருதுப்பா."

திறந்தேன். ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை. தலையில் கோடும் புள்ளியும் வைத்த ஐரோப்பிய எழுத்துகள்தான். ஃபைல் கெட்டுப்போகவில்லை. அது திஸ்கி!

திஸ்கி என்பது யூனிகோடு பரவுவதற்கு முன் இணையத் தமிழர்கள் கூடி உருவாக்கிய 8 பிட் குறியீடு. மொத்தம் 256 இடம். முதல் 128 ஆங்கிலத்துக்கு, மீதியில் தமிழ். 1998-ல் தொடங்கிய மதுரைத் திட்டம்கூட நம் பழைய நூல்களை முன்பு திஸ்கியில்தான் வெளியிட்டது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டில் டாம், டாப் என்று வேறு இரண்டு வந்தன. 2010-ல் தமிழக அரசே யூனிகோடுக்கு வந்துவிட்டது.

அப்படியானால் இலவச மென்பொருள்களில் திஸ்கிக்கான நிரலை இன்னும் ஏன் சுமக்க வேண்டும்? கழற்றிவிட்டால் என்ன?

நிரல் சின்னதுதான், ஆனால் லேசானதல்ல. 'கொ' என்பதை திஸ்கி கண்ணால் பார்க்கிற வரிசையில் வைக்கும்: கொம்பு, க, கால். யூனிகோடில் முதலில் க, பிறகுதான் ஒகரக் குறி. ஆகவே மாற்றி, கொம்பைக் கையில் பிடித்துக்கொண்டு அடுத்து என்ன வருகிறதென்று காத்திருக்க வேண்டும். வெறும் அட்டவணை போதாது. தமிழ் தெரியாதவர் இதைப் பராமரிப்பது கஷ்டம்.

க்யூட் என்ற மென்பொருள் தொகுப்பில் 2000-ல் ஒரு தன்னார்வலர் திஸ்கி மாற்றியைச் சேர்த்தார். 2020 டிசம்பரில் வந்த 6-ஆம் பதிப்பில் பழைய மாற்றிகளை மையத்திலிருந்து எடுத்து, தனி இணைப்புத் தொகுப்பில் வைத்துவிட்டார்கள். வேண்டுபவர் சேர்த்துக்கொள்ளலாம். லினக்ஸின் ஜிலிப்சி நூலகமோ திஸ்கியை அப்படியே வைத்திருக்கிறது. ஒவ்வொரு மாற்றியும் தனி ஃபைல், கேட்டால்தான் ஏறும். இடம் பிரச்சினையே இல்லை.

பிரச்சினை வேறு. அதே நூலகத்தில், அதிகம் பேர் தொடாத ஒரு சீன மாற்றியில் 20 ஆண்டுகளுக்கு மேல் ஒளிந்திருந்த ஓட்டை 2024-ல் வெளிப்பட்டது. நான்கு பைட்டுகள் வரை எல்லை தாண்டி எழுதும். அது வழியாக சர்வருக்குள் நுழையலாம். யாரும் எட்டிப் பார்க்காத அறையில்தானே பாம்பு குடியிருக்கும்?

"அப்ப தூக்கிடலாம்"னு சொல்வீர்கள். கொஞ்சம் பொறுங்கள். ஓப்பன்சிவி 3.0 (2015) தன் பழைய பைதான் இணைப்பை நீக்கியது. அது சரியே, புரோகிராம் எழுதினவன் உட்கார்ந்து மாற்றி எழுதிக்கொள்வான், திட்டிக்கொண்டாவது. செத்துப்போன மனிதரின் கட்டுரை தன்னைத்தானே மாற்றி எழுதிக்கொள்ளுமா? எழுதும் வசதியை எடுத்துவிடுங்கள், படிக்கும் வசதியை ஓரமாகவாவது வையுங்கள் என்பதே என் கட்சி. க்யூட்காரர்கள் செய்தது எனக்குப் பிடித்திருக்கிறது.

அன்றைக்கு ஐகான்வ் கட்டளையை ஒரே வரி அடித்தேன். கட்டுரைகள் தமிழில் வந்து நின்றன. அண்ணன் டீ சொன்னார். கூடவே மேஜைக்கு அடியிலிருந்து ஒரு அட்டைப்பெட்டியை இழுத்தார். உள்ளே இன்னும் நாற்பது சி.டி. இருக்கும்.