தட்டை விட்டுப் படம் இறங்கியது எப்படி?

டிவிடியின் பளபளப்புக்குள் 0.74 மைக்ரோமீட்டர் இடைவெளியில் ஒரு தடம் சுருண்டு செல்கிறது. அதிலுள்ள நுண்குழிகளைச் சிவப்பு லேசர் படிக்கிறது. ஓர் அடுக்கில் 4.7 ஜிபி கொள்ளும்.

இணையத்தில் படம் இறங்க, அதைச் சுருக்கும் நுட்பமே வழிவகுத்தது. இரண்டு மணி நேர முழு எச்டி படத்தைச் சுருக்காமல் வைத்தால் ஏறக்குறைய 1,000 ஜிபி! நடிகர் பேசும்போது பின்னாலுள்ள சுவர் மாறுவதில்லை; அதை ஏன் திரும்பத் திரும்ப அனுப்ப வேண்டும்? மாறிய பகுதி மட்டும் போதுமே. டிவிடியின் எம்பெக்-2 சுருக்க முறையும் இதைச் செய்தது. 2003-இல் வந்த எச்.264 முறை அதே தரத்தை ஏறக்குறைய பாதி அளவில் தந்தது. பிராட்பேண்டும் வேகம் பிடித்தது.

1998 முதல் தபாலில் டிவிடி அனுப்பிய அமெரிக்காவின் நெட்ஃபிளிக்ஸ், 2023 செப்டம்பரில் அதை நிறுத்தியது.

ஆனால் பதிவிறக்கி வாங்கும் படம் பெரும்பாலும் பார்க்கும் உரிமம் மட்டுமே. அதனால் பிடித்த படத்தின் தட்டு வீட்டில் இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.