இரண்டு அங்குல மெத்தை

புதுச்சேரிச் சாரத்திலிருந்து புறப்பட்டு, இரவுப் புகைவண்டியில் நெடுந்தொலைவு செல்லும் மாணவர், தாம் படுக்கும் மெத்தையின் வரலாற்றை எண்ணிப் பார்ப்பதில்லை. முன்னாளில் முதல் வகுப்பினர்க்கு மெத்தை. மற்றையோர்க்கு வெறும் மரப்பலகை. மூன்றாம் வகுப்புப் பயணியர் படும் இன்னல்களைக் காந்தியடிகள் 1917-ஆம் ஆண்டிலேயே எழுதி வெளியிட்டார். 1974-இல் மூன்றாம் வகுப்பு என்னும் பெயர் மறைந்தது, பலகை மறையவில்லை.

1977-இல் இரயில்வே அமைச்சரான மது தண்டவதே, இரண்டாம் வகுப்புப் படுக்கைகளுக்கு 2 அங்குல நுரைமெத்தை இடச் செய்தார். வரவு செலவு ஒன்றையே நோக்குவோர்க்கு இது வீண்செலவாகத் தோன்றுவது இயல்பே. ஆனால், வண்டியேறுவோருள் மிகப் பெரும்பாலோர் இரண்டாம் வகுப்பினர் அல்லரோ? அவர்தம் கட்டணமும் அவ்வரவில் அடங்கியதன்றோ? மேலும், முதல் வகுப்பின் வசதியைக் குறையாது இரண்டாம் வகுப்பை உயர்த்துவதே அமைச்சரின் நோக்கம். ஆதலின், எவரும் எதையும் இழக்க வேண்டியதில்லை.

மெத்தை முதலில் முதன்மைத் தடங்களில் ஓடிய வண்டிகளிலேயே இடப்பட்டது. ஐயுறுவோரை இணங்குவிக்க இதனினும் நல்வழி இல்லை. ஓரிரவு அதன்மேல் உறங்கியவர் மீண்டும் பலகைக்கு இசைவரோ? 1980-களின் இறுதிக்குள் ஏனைய வண்டிகளுக்கும் அது பரவியது.