ஓசையற்ற கணிப்பொறியும் கரிசல் வெயிலும்

இயந்திரம் என்றால் இரைச்சல் இருக்கத்தான் செய்யும் என்று எண்ணிப் பழகிய ஊர் அருப்புக்கோட்டை. எங்கள் நெசவாளர் தெருக்களில் தறியோசை கேளாத பகற்பொழுது அரிது. அத்தகைய ஊரிலிருந்துகொண்டு, கணிப்பொறியின் சிறு விசிறி எழுப்பும் ஓசைக்காகக் கவலைப்படுவது ஆடம்பரமெனச் சிலருக்குத் தோன்றலாம். ஆயினும் ஒலிப்பதிவு செய்வோர்க்கு அஃது ஆடம்பரமன்று. பார்வையற்ற மாணவர்களுக்காகப் பாடநூல்களை வாய்விட்டுப் படித்துப் பதிவு செய்யும் பணியை, ஓய்வு பெற்ற பின்னர் நானும் மேற்கொண்டுள்ளேன். தறிகள் ஓய்ந்திருக்கும் வைகறையே அதற்கு உகந்த நேரம். கூரை விசிறியையும் நிறுத்திவிட்டால் அறையில் எஞ்சுவது கணிப்பொறியின் இரைச்சல் ஒன்றே. அது ஒலிவாங்கியில் புகுந்து, லகர ளகர ழகர வேறுபாட்டை மங்கச் செய்கிறது. தேர்வுக்கு முதல்நாள் மூன்று மணி நேரம் அதையே கேட்டுப் படிக்கும் மாணவனுக்கு அஃது எத்துணைத் தொல்லை! பின்னர் மென்பொருள் கொண்டு இரைச்சலை நீக்கலாமே எனில், நீக்கும்போது குரலும் சற்றே தேய்ந்துவிடுகிறது. ஆதலின் பிறக்குமிடத்திலேயே அதனை அடக்குவது நன்று.

மேசையடியில் உள்ள பெட்டி முழுவதையும் ‘சி.பி.யு.’ என்றழைப்பது நம்மவர் வழக்கம். அப்பெயர்க்கு உண்மையில் உரியது, உள்ளே தீப்பெட்டி அளவே உள்ள ஒரு சில்லு. இன்டெல் நிறுவனத்தின் ஐ5-12400 என்னும் சில்லுக்கு அடிப்படை மின்செலவு 65 வாட். கடும் வேலையின்போது 117 வாட் வரை ஏறும். அம்மின்சாரம் முழுவதும் வெப்பமாகிறது. 100 டிகிரியை நெருங்கினால் சில்லு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அந்த வெப்பத்தைக் காற்றில் சேர்ப்பதே ‘கூலர்’ எனப்படும் குளிர்விப்பானின் வேலை.

அதன் உயிர்நாடி செம்பாலான வெப்பக்குழாய். 1963-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்தில் ஜார்ஜ் குரோவர் என்பார் உருவாக்கியது இவ்வகைக் குழாய். இட்லிப் பானையில் அடியில் உள்ள நீர் ஆவியாகி, மூடியைத் தொட்டதும் வெப்பத்தை இழந்து துளிகளாக வீழ்வதை நாம் அறிவோம். மூடி முத்திரையிடப்பட்ட குழாய்க்குள் நிகழ்வதும் அதுவே. சில்லின்மேல் அமர்ந்த முனையில் சிறிதளவு நீர் ஆவியாகிறது. அலுமினியத் தகடுகளுக்கிடையே செல்லும் மறுமுனையில் குளிர்ந்து, உட்சுவரின் நுண்துளைகள் வழியே, விளக்குத்திரியில் எண்ணெய் ஏறுவதுபோல், திரும்பி வருகிறது. இதற்குத் தனி மின்சாரம் வேண்டா; ஓசையும் இல்லை. ஓசை யாவும் விசிறியினுடையதே.

விசிறியின் கணக்கு சுவையானது. சுழற்சியை இருமடங்காக்கினால் ஓசை ஏறத்தாழ 15 டெசிபல் ஏறும். 10 டெசிபல் ஏறினாலே செவிக்கு இருமடங்காகத் தோன்றும். ஆனால் ஒரே வேகத்தில் சுழலும் இரண்டு ஒத்த விசிறிகளை வைத்தால் ஏறுவது 3 டெசிபலே. ஆகவே, சில்லுடன் வரும் சிறு விசிறி நிமிடத்துக்கு 2000 சுற்றுக்கு மேல் ஓடி அலறுவதைக் காட்டிலும், பெரிய தகட்டுக் கோபுரமும் 700, 800 சுற்றில் மெல்லச் சுழலும் 120 மி.மீ. விசிறிகளும் சாலச் சிறந்தவை.

இனி நம் நாட்டுக்கே உரிய செய்திக்கு வருகிறேன். எந்தக் குளிர்விப்பானும் சில்லை அறைக் காற்றினும் குளிர்ச்சியாக்க இயலாது; காற்றைவிட இத்தனை டிகிரி மிகுதியாக நிறுத்தவே இயலும். வெளிநாட்டார் தம் சோதனைகளை 20, 22 டிகிரி அறையில் செய்கின்றனர். அங்கே 65 டிகிரி காட்டும் சில்லு, சித்திரை மாதத்தில் மொட்டை மாடிக்குக் கீழே 38 டிகிரி நிலவும் நம் அறையில் 81 காட்டும். உடனே விசிறி விரைந்து சுழலத் தொடங்கும். அவர்கள் ‘அமைதி’ எனச் சான்றளித்தது நம்மிடம் அலறுவதன் காரணம் இதுவே. ஆதலின் அவர்கள் ஒற்றைக் கோபுரம் போதும் எனும் இடத்தில் நாம் இரட்டைக் கோபுரம் கொள்ள வேண்டும் என்பது என் கருத்து.

விசிறியே இல்லாத குளிர்விப்பானும் உண்டு. ஆந்தையைச் சின்னமாகக் கொண்ட ஆஸ்திரிய நிறுவனமான நாக்டுவா, என்.எச்.-பி1 என்பதை 2021-இல் வெளியிட்டது. மௌனத்தாலேயே உபதேசித்த ரமண மகரிஷி 1879-இல் பிறந்த திருச்சுழிக்கு அது பொருந்தும் என்று வேடிக்கையாகச் சொல்லலாம். திருச்சுழி வெயிலுக்கு அதனை நான் பரிந்துரையேன். நீரால் குளிர்விக்கும் வகையிலும் விசிறி உண்டு. நீரேற்றும் பம்பின் முனகல் அதற்கு மேலும் ஒன்று.

வாங்குமுன் அளவுகோலை எடுங்கள். நாக்டுவா என்.எச்.-டி15 என்பதன் உயரம் 165 மி.மீ.; தெர்மல்ரைட் பியர்லெஸ் அசாசின் 120 எஸ்.இ. 155 மி.மீ. பின்னதற்கு ஆறு வெப்பக்குழாய்களும் இரண்டு விசிறிகளும் உண்டு. விலையோ முன்னதில் பாதிக்கும் குறைவு. எனினும் ஒடுங்கிய கேபினெட்டில் அதுவும் அடங்காது; கதவு மூடாது. பழைய கூலரை மீண்டும் பயன்படுத்த எண்ணுவோர், 2021-இல் வந்த எல்.ஜி.ஏ. 1700 பலகையில் திருகுத் துளைகளின் இடைவெளி மாறியிருப்பதை நினைவிற்கொள்க. பொருத்தியபின், பயாஸ் அமைப்பில் விசிறியின் வேகம் படிப்படியாகவும் தாமதித்தும் ஏறுமாறு செய்ய வேண்டும். சீரான ஓசையைச் செவி மறந்துவிடும். ஏறியிறங்கும் ஓசையை மறவாது.

எஞ்சியது புழுதி. ஆடிக் காற்றில் கரிசல் தூசி எவ்வளவு அடைத்த சன்னலுக்குள்ளும் வரும். நெசவுத் தெருவில் பஞ்சுத் துகளும் அதனோடு கூடித் தகடுகளிடையே கம்பளம்போல் படியும். நெருக்கமான தகடுகள் விரைவில் அடைபடுமாதலால், சற்றே இடைவெளி விட்ட தகடுகளை உடையதைத் தேர்ந்தெடுத்தல் நலம். ஆடி முடிந்ததும் மின்னிணைப்பைத் துண்டித்து, விசிறியைக் கழற்றி, மெல்லிய தூரிகையால் தகடுகளை வருடி விடுங்கள். காற்றூதும் கருவியைப் பயன்படுத்துவோர் விசிறியின் இறக்கையை விரலால் பற்றிக்கொள்ள வேண்டும். பற்றாவிடின் அது அளவு கடந்து சுழன்று பேரிங் கெட்டுவிடும்.