மென்மரச் சாமான்களுக்கு எந்தப் பூச்சு?

கோவில்பட்டி வட்டாரத்து விவசாயிகளுக்குப் பெருமரம் புதிதல்ல. தீக்குச்சிக்கும் பெட்டிக்கும் உதவும் இந்த மரம் மானாவாரி நிலத்தின் வரப்போரத்திலும் வளரும். இதன் பலகை, இலவம் பலகை, தூத்துக்குடி துறைமுகத்துக்கு இயந்திரங்களைச் சுமந்து வரும் பைன் பெட்டிகளின் பலகை ஆகியவற்றைக் கொண்டு, இடைசெவல் போன்ற கரிசல் கிராமங்களில் பெஞ்சு, அலமாரி, விதைப் பெட்டி, நடைவண்டி முதலியவற்றைக் குறைந்த செலவில் வீட்டிலேயே செய்துகொள்ளலாம்.

ஆனால் வேம்பு, வாகை, கருவேல மரங்களில் உள்ள வைரம் இந்த மரங்களில் இல்லை. ஈரத்தைச் சீக்கிரம் உறிஞ்சும். எளிதில் உளுத்துப் போகும். எனவே பூச்சு அவசியம். அதற்காக எல்லாச் சாமானுக்கும் ஒரே பூச்சு ஆகாது. சாமான் எங்கே நிற்கும், அதை யார் தொடுவார்கள், அதில் என்ன வைக்கப்படும் என்று பார்த்தே பூச்சைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பூச்சுக்கு முன்

பெருமரத்தை வெட்டியதும் தாமதமின்றிப் பலகையாக அறுத்துவிட வேண்டும். பச்சையாகக் கிடந்தால் நீலக் கறை பிடிக்கும், வண்டு துளைக்கும். வெண்காரம் 360 கிராம், போரிக் அமிலம் 240 கிராம் இரண்டையும் 10 லிட்டர் வெந்நீரில் கரைத்து, ஆறியபின் பலகைகளை ஒரு நாள் ஊறப் போட்டால் வண்டுத் தொல்லை குறையும். இந்த மருந்து மழையில் கரைந்து போகும் என்பதால் வீட்டுக்குள் இருக்கும் சாமான்களுக்கு மட்டுமே ஏற்றது. தானியம் படும் பலகைக்கு வேண்டாம். ஆடுமாடு தண்ணீர் குடிக்கும் தொட்டியில் ஊற வைக்கக் கூடாது.

பிறகு பலகைகளுக்கு இடையே சிறு சட்டம் கொடுத்து, நிழலில் காற்றோட்டமாக அடுக்கிக் காய வைக்க வேண்டும். ஒரே பலகையை வாரம் ஒருமுறை எடை போட்டு வந்தால், எடை குறைவது நிற்கும்போது மரம் காய்ந்துவிட்டது என்று அறியலாம். ஈர மரத்தின் மேல் அடித்த பெயிண்ட் கொப்பளித்து உரிந்துவிடும்.

பைன் பெட்டிப் பலகை வாங்குவோர் அதில் உள்ள முத்திரையைப் பார்க்க வேண்டும். 'எச்.டி.' என்றிருந்தால் சூடேற்றிப் பூச்சி நீக்கியது. 'எம்.பி.' என்றிருந்தால் நச்சுப் புகை போட்டது. அதை வீட்டுச் சாமானுக்குத் தவிர்ப்பது நல்லது.

தானியப் பெட்டி, விதைப் பெட்டி

உட்புறத்துக்கு எந்தப் பெயிண்ட்டும் வேண்டாம். உப்புத்தாளால் நன்கு தேய்த்து, வெறும் மரமாகவே விட்டுவிடலாம். வெளிப்புறத்துக்கு அரக்கு பாலிஷ் போதும்.

வீட்டுக்குள் நிற்கும் சாமான்கள்

அலமாரி, முக்காலி போன்றவற்றுக்கு அரக்கு பாலிஷ் ஏற்றது. ஒரு லிட்டர் ஸ்பிரிட்டில் 150 கிராம் அரக்குச் செதிலைப் போட்டு ஓரிரவு வைத்தால் கரைந்துவிடும். வடிகட்டி, துணியால் மெல்லிசாகப் பல தடவை பூச வேண்டும். மென்மரம் நிறத்தைத் திட்டுத்திட்டாக உறிஞ்சும். ஆகையால் நிறம் கொடுக்க விரும்புவோர் முதலில் நீர்த்த அரக்கு ஒரு பூச்சுக் கொடுத்து, அதன் மேல் நிறம் ஏற்ற வேண்டும். அரக்கு பாலிஷ் சூட்டையும் தண்ணீரையும் தாங்காது. சூடான பாத்திரம் வைக்கும் மேசைக்கு வார்னிஷ் மேல்.

குழந்தைகள் தொடும் சாமான்கள்

நடைவண்டி, கட்டில் போன்றவற்றில்தான் அதிக கவனம் தேவை. சிறு குழந்தைகள் மரத்தைக் கடிக்கும். காரீயம் கலந்த பெயிண்ட் உடம்பில் சேர்ந்தால் மூளை வளர்ச்சி கெடும். வீட்டு உபயோகப் பெயிண்ட்டில் காரீயம் பத்து லட்சம் பங்கில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற மத்திய அரசின் விதி 2017 நவம்பர் முதல் அமலில் உள்ளது. எனவே டின்னில் உள்ள குறிப்பைப் படித்து வாங்க வேண்டும். டிராக்டருக்கும் இரும்புக்கும் அடித்து மிஞ்சிய பெயிண்ட்டையோ, பரணில் கிடக்கும் பழைய டின்னையோ பயன்படுத்தக் கூடாது. நடைவண்டிக்கு அரக்கு பாலிஷே போதுமானது.

வெயிலிலும் மழையிலும் நிற்பவை

திண்ணை பெஞ்சு, தொழுவக் கதவு ஆகியவற்றுக்கு எனாமல் பெயிண்ட் சிறந்தது. முதலில் மரத்துக்கான பிரைமர், பிறகு குழிகளுக்கு லப்பம், அதன் மேல் இரண்டு பூச்சு எனாமல். பைன் மரத்தின் கணுக்களில் பிசின் கசியும். பிரைமருக்கு முன் கணுக்களின் மேல் அரக்கு பூசினால் கசிவு அடங்கும். பலகையின் வெட்டு முனையும் கால்களின் அடிப்பாகமும்தான் அதிகத் தண்ணீரைக் குடிக்கும். பலர் விட்டுவிடும் இடமும் அதுவே. அங்கே ஒரு பூச்சு கூடுதலாகக் கொடுக்க வேண்டும். எந்தப் பூச்சும் கரையானை முழுமையாகத் தடுக்காது. கால்களைக் கல்லின் மேல் நிறுத்துவது நல்லது.

தவிர்க்க வேண்டியவை

கழிவு என்ஜின் ஆயிலைச் சிலர் பூசுகிறார்கள். அது காயாது, துணியிலும் தோலிலும் ஒட்டும், உடலுக்குக் கெடுதல். கடலை எண்ணெய், வேப்பெண்ணெய் போன்றவையும் சரியாகக் காயாமல் பிசுபிசுத்துக் கரிசல் புழுதியை வாரிக்கொள்ளும். அவற்றின் மேல் பின்னால் பெயிண்ட்டும் பிடிக்காது. எண்ணெய்ப் பூச்சு வேண்டுமென்றால் ஆளிவிதை எண்ணெய்தான் மரத்தில் காய்ந்து இறுகும்.

ஆனால் அந்த எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானே சூடேறித் தீப்பிடிக்கும். தீக்குச்சியும் பருத்தியும் வைத்திருக்கும் வீடுகளில் இது பேராபத்து. துணியைத் தண்ணீரில் நனைத்து, வெளியே விரித்துக் காய வைக்க வேண்டும். ஸ்பிரிட்டையும் அடுப்பின் அருகே கொண்டு போகக் கூடாது.

ஏற்ற பருவம்

ஐப்பசி, கார்த்திகை மழை ஈரத்தில் அரக்கு பாலிஷ் வெளுத்துப் போகும். ஆடிக் காற்றில் காயாத வார்னிஷின் மேல் புழுதி படியும். தை முதல் பங்குனி வரை அறுவடை முடிந்த ஓய்வு நாட்களே இந்த வேலைக்கு ஏற்றவை. முழுச் சாமானுக்கும் பூசுவதற்கு முன், மிஞ்சிய துண்டுப் பலகையில் ஒருமுறை பூசிப் பார்த்துக்கொண்டால் பணமும் உழைப்பும் வீணாகாது.