பள்ளியும் வத்தும்

சேத்தியாத்தோப்பிலிருந்து கிழக்கே செல்வோர் சிதம்பரத்தை அடைவர். அங்குள்ள முதற் குலோத்துங்கன் கல்வெட்டொன்று (கி. பி. 1114), காம்போச அரசன் சோழனுக்குக் காட்சிப்பொருளாக அளித்த கல்லொன்று திருவெதிரம்பலத்தில் வைக்கப்பெற்றதைக் கூறுகின்றது. காம்போசமாவது கெமர் மக்களின் கம்போடியா என்பர் ஆராய்ச்சியாளர். இஃது அரசர்தம் தொடர்பு. இருநாட்டு மக்கள் வாழ்வை ஒப்பிட்டறியப் பௌத்தப் பள்ளி துணைசெய்யும்.

தமிழில் 'பள்ளி' என்னுஞ் சொல் சமண, பௌத்தத் துறவியர் உறைவிடத்தையும் கல்வி பயிலும் இடத்தையும் குறித்தது. பள்ளிக்கு விட்ட நிலம் பள்ளிச்சந்தம் எனப்பட்டது. கடாரத்தரசன் எடுப்பித்த நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்திற்கு முதலாம் இராசராசன் ஆனைமங்கலத்தை வழங்கியமையை லெய்டன் செப்பேடுகளால் அறிகின்றோம். வீரசோழியம் இயற்றிய புத்தமித்திரரும் பௌத்தரே. எனினும், விகாரம் மறைந்தது. அவ்வூரில் எஞ்சிநின்ற பழைய பௌத்தக் கோபுரமும் 1867-இல் இடிக்கப்பட்டது. சொல் மட்டும் பள்ளிக்கூடத்தில் வாழ்கின்றது.

கெமர் நாட்டிலோ பொருளே நிலைத்தது. 13-ஆம் நூற்றாண்டு முதல் ஆங்குத் தேரவாதம் வேரூன்றியது. பௌத்தக் கோயிலை அவர்கள் 'வத்து' என்பர். அங்கோர் வாட் என்னும் பெயரின் ஈற்றுச் சொல்லும் இதுவே. ஊர்ச் சிறுவர் பிக்குகளிடம் எழுத்தறிந்தனர். ஓலைச்சுவடிகள் ஆங்கே காக்கப்பெற்றன. இளைஞர் சின்னாளேனும் துவராடை அணிதல் பெற்றோர்க்கு நன்றிக்கடன் ஆற்றுதலாகக் கருதப்பெறுகின்றது. சித்திரைப் புத்தாண்டில் மக்கள் வத்து வளாகத்தில் மணற்குவைகள் எழுப்புவர். மறைந்த முன்னோர்க்காகப் 'பிச்சும் பென்' என்னும் 15 நாள் விழாவில் பிக்குகளுக்கு உணவளிப்பர். 'பென்' என்பது பிண்டம் என்னும் வடசொல்லின் திரிபு. இவ்விழா பெரும்பாலும் நம் மாளயப் பக்கத்தோடு ஒத்து வருதல் நோக்கத்தக்கது.

1975 முதல் 1979 வரை நிகழ்ந்த போல் பாட் ஆட்சியில் பிக்குகள் துவராடை களையுமாறு வற்புறுத்தப்பட்டனர்; பலர் மாண்டனர். வத்துகள் பல சிறையாகவும் கிடங்காகவும் மாற்றப்பட்டன. அவ்வாட்சி வீழ்ந்தபின் ஊரார் அவற்றை மீண்டும் எழுப்பினர். 1993-ஆம் ஆண்டு அரசியலமைப்பு பௌத்தத்தை அரச சமயமாக ஏற்றது.

நாகை விகாரம் வேந்தர் கொடையைச் சார்ந்து நின்றது. வத்து ஊரார் நாள்தோறும் இடும் ஐயத்தைச் சார்ந்து நின்றது. ஒன்று மறையவும் மற்றொன்று மீளவும் இவ்வேறுபாடு காரணங்களுள் ஒன்றாதல் கூடும் எனக் கருதுகின்றோம். மன்னன் நிவந்தம் மன்னனோடு ஒழியலாம். எழுத்தறிவித்த இடத்தையும் முன்னோரை நினைந்த இடத்தையும் மக்கள் எளிதில் கைவிடார்.